நேற்றைய புள்ளிகளும் நாளைய ஆட்டமும்

ஓர் அணிக்காகப் பல ஆண்டுகள் கூடை கூடையாகப் புள்ளி குவித்த ஆட்டக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இனி அவர் எந்த அணிக்கும் கட்டுப்பட்டவர் அல்லர். விரும்பிய இடத்தில் சேரலாம். பழைய அணி அவரை மீண்டும் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டுமா? அல்லது மாலை போட்டு வழியனுப்பிவிட்டு, அந்தப் பணத்தில் இளையவர் ஒருவரைத் தேட வேண்டுமா?

இது மேல்நாட்டுக் கூடைப்பந்து இரசிகர்கள் ஆண்டுதோறும் வாதிடும் கேள்வியாயிற்றே, நமக்கென்ன என்று தோழியர் சிலர் நினைக்கலாம். ஆனால் பாடியில் வாழும் நமக்கு இது அந்நியமான கேள்வி அன்று. லூகாஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊர் நம்முடையது. "பர்மனெண்டா, காண்ட்ராக்டா?" என்ற பேச்சு காதில் விழாத வீடு இங்கே குறைவு. காண்ட்ராக்ட் முடியும் மாதத்தில் ஒரு குடும்பம் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். விளையாட்டு வீரரின் நிலையும் அதுதான். கைதட்டலின் ஒலியில் அது நமக்குக் கேட்பதில்லை, அவ்வளவே.

திருக்குறளில் செய்ந்நன்றியறிதல் என்று ஓர் அதிகாரம் உண்டு. தெரிந்து வினையாடல் என்று மற்றோர் அதிகாரமும் உண்டு. செய்த உதவியை மறவாதே என்கிறது முன்னது. இன்ன வேலைக்கு இன்னார் தகுதி என்று ஆராய்ந்து ஒப்படை என்கிறது பின்னது. நம் கேள்வி இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஆகவேதான் அதற்கு விடை சொல்வது எளிதாக இல்லை.

முதலில் இந்தச் சுதந்திரம் வந்த கதையைப் பார்ப்போம். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டிகளில் ஒரு காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் தம் விருப்பப்படி வேறு அணிக்குப் போக முடியாது. பழைய அணியின் பிடி அவர்மேல் இருந்துகொண்டே இருக்கும். வீரர்கள் சங்கத்தின் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் பெயரில் 1970-ல் வழக்குத் தொடரப்பட்டது. 1976-ல் அது உடன்பாட்டில் முடிந்து, கட்டு தளர்ந்தது. பின்னர் 1988-ல், குறிப்பிட்ட ஆண்டுகள் ஆடி முடித்தவர்கள் எவ்விதத் தடையுமின்றி அணி மாறலாம் என்ற நிலை வந்தது.

அந்த வாய்ப்பை முதலில் பயன்படுத்தியவர் டாம் சேம்பர்ஸ். சியாட்டில் அணியின் பெரிய புள்ளி குவிப்பாளர்களில் அவர் ஒருவர். அவர் பீனிக்ஸ் அணிக்குச் சென்றார். முந்தைய பருவத்தில் 28 வெற்றிகள் மட்டுமே பெற்றிருந்த பீனிக்ஸ், அவர் வந்த பருவத்தில் 55 வெற்றிகள் பெற்றது. அப்படியானால் அவரை இழந்த சியாட்டில் அழிந்துபோயிற்றா? இல்லை. 44 வெற்றிகள் பெற்றிருந்த அந்த அணி அடுத்த பருவத்தில் 47 வெற்றிகள் பெற்றது! பிரிவு என்றால் ஒருவர் வாழ மற்றவர் தாழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

ஆனால் சுதந்திரம் இரு பக்கமும் கூர்மையுள்ள கத்தி. வீரர் அணியை விட்டுப் போகலாம் என்றால், அணியும் வீரரை விட்டுவிடலாம். அதை நம் சென்னை மக்கள் வேறொரு விளையாட்டில் நேரில் கண்டார்கள்.

சுரேஷ் ரெய்னாவைத் தெரியாதவர் நம் பள்ளியில் இருக்க முடியாது. வடக்கே பிறந்தவரை "சின்னத் தல" என்று சொந்தப் பிள்ளையாக்கிக்கொண்ட ஊர் இது. ஐ.பி.எல். கிரிக்கெட் தொடங்கிய 2008 முதல் அவர் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியில் ஆடினார். சென்னை அணி தடையில் இருந்த 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் குஜராத் லயன்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிவிட்டு, 2018-ல் திரும்பி வந்தார். 2020-ல் சொந்தக் காரணங்களுக்காக ஆடவில்லை. 2021 முடிவில் ஐ.பி.எல். போட்டிகளில் சென்னைக்காக மிக அதிக ரன் எடுத்தவர் அவரே. மொத்தம் 4,687 ரன்கள்.

ஆனால் அந்த 2021 பருவத்தில் 12 ஆட்டங்களில் அவர் எடுத்தவை 160 ரன்கள்தாம். 2022 பருவத்துக்கு முன் சென்னை அணி தக்கவைத்துக்கொண்ட நால்வரில் அவர் பெயர் இல்லை. 2022 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த ஏலத்தில் 2 கோடி ரூபாய் அடிப்படை விலையில் அவர் பெயர் வந்தது. சென்னை கை தூக்கவில்லை. வேறு எந்த அணியும் தூக்கவில்லை. பல ஆண்டுகள் அணிக்கு உழைத்தவரை விடுவது கடினமாக இருந்தது என்றும், இப்போதைய ஆட்டத்திறனையும் அணியின் அமைப்பையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருந்தது என்றும் அணி நிர்வாகம் விளக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ரெய்னா எல்லாவகைக் கிரிக்கெட்டிலிருந்தும் ஓய்வு பெற்றார்.

இதைப் பற்றிக் கேட்டால் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். "ஆறு கடந்ததும் ஓடக்காரனை மறந்துவிட்டார்கள்" என்பது ஒரு சாரார் வாதம். "பழைய சோறு சுவையானதுதான், அதற்காக முந்தாநாள் சோற்றையும் உண்ண முடியுமா?" என்பது மற்றவர்கள் வாதம். 2022-ல் சென்னை 14 ஆட்டங்களில் நான்கில் மட்டும் வென்று ஒன்பதாம் இடத்துக்கு இறங்கியது. "ரெய்னாவை விட்ட பாவம்" என்றார்கள் முதல் சாரார். 2023-ல் அதே அணி கோப்பையை வென்றது. 50 இலட்ச ரூபாய்க்கு, அடிப்படை விலையிலேயே எடுக்கப்பட்ட அஜிங்க்ய ரஹானே அந்தப் பருவத்தில் 326 ரன்கள் குவித்தார். "பார்த்தீர்களா?" என்றார்கள் இரண்டாம் சாரார்.

எங்கள் கருத்து இதுதான்: இரு சாராரும் முடிவைப் பார்த்துவிட்டு நியாயம் பேசுகிறார்கள். முடிவெடுக்கும் நாளில் யாருக்கும் நாளைய கோப்பை தெரியாது. அன்று கையில் இருப்பவை இரண்டுதாம்: ஆட்டக்காரரின் இன்றைய ஆட்டம், அணியின் நாளைய தேவை. நேற்றைய புள்ளிகள் நேற்றே பலகையில் எழுதப்பட்டு, அணி அவற்றின் பயனையும் அடைந்துவிட்டது. அந்தக் கடனை மறுபடியும் ஆடும் இடம் கொடுத்துத் தீர்க்க நினைத்தால், இடத்துக்குக் காத்திருக்கும் இளையவருக்கு அநீதி செய்கிறோம். ஆகவே ரன்னை மட்டும் கருதி ரெய்னாவை மீண்டும் எடுக்காதது தவறு என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

ஆனால் நன்றிக் கடன் என்று ஒன்று இல்லை என்றும் நாங்கள் சொல்லவில்லை. அதைத் தீர்க்கும் வழி வேறு. ஏலக் கூடத்தில் பெயர் படிக்கப்பட்டு, ஒருவரும் வாய் திறக்காமல் அடுத்த பெயருக்குப் போவதை நாடே தொலைக்காட்சியில் பார்க்கிறது. இத்தனை ஆண்டு உழைத்த எவருக்கும் அது தகுந்த விடை அன்று. அணிகளுக்கு ஏலம் வேண்டுமானால் இருக்கட்டும். மூத்தவர்களுக்கு அதற்கு முன்பே திடலில், மக்கள் முன்னால், ஒரு கடைசி வணக்கத்துக்கு இடம் ஒதுக்கட்டும். ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்; ஆளை மதித்து அதைச் சொல். ஒப்பந்தம் எழுதும் எல்லாரும் நினைவில் கொள்ளவேண்டிய பாடம் இது என எண்ணுகிறோம்.

ஆட்டத்தைப் பார்ப்பது என்றால் புள்ளிப் பலகையைப் பார்ப்பது மட்டும் அன்று. நம் பள்ளித் திடலில் ஆடும் தோழியருக்கு இது எளிதில் விளங்கும். ஒருத்தி இருபது முறை கூடையை நோக்கி எறிந்து எட்டு முறை போடுகிறாள்; பதினாறு புள்ளிகள். இன்னொருத்தி எட்டு முறை எறிந்து ஆறு முறை போடுகிறாள், பன்னிரண்டு புள்ளிகள். பலகை முதலாமவளைத்தான் புகழும். ஆனால் அவள் தவறவிட்ட பன்னிரண்டு பந்துகளில் பெரும்பாலானவை எதிரணியின் கைக்கல்லவா போயிருக்கும்? அதே சமயம் அவசரப்பட்டு அவளைக் குறை கூறவும் கூடாது. எதிரணியினர் இருவர் அவளைச் சூழ்ந்திருக்கலாம். இருபத்து நான்கு விநாடி முடியும் தறுவாயில், மற்றவர்கள் எறியப் பயந்து அவள் கையில் பந்தைத் திணித்திருக்கலாம். தடுப்பாட்டத்தில் யார் ஓடினாள், விழுந்த தோழியை யார் கைகொடுத்துத் தூக்கினாள் என்பவையும் பலகையில் வருவதில்லை. எனவே எண்ணையும் பார்க்க வேண்டும், ஆட்டத்தையும் பார்க்க வேண்டும்.

"இன்றைய ஆட்டத்தைப் பார்" என்ற இந்த விதி மூத்தவர்களை வெளியே தள்ளுவதற்கு மட்டும் உரியது என்று எவரும் எண்ண வேண்டாம். அதே விதி அவர்களைக் காக்கவும் செய்யும். அதற்குச் சான்று நம் சென்னையிலேயே இருக்கிறது.

இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குப் பத்தொன்பது வயதிலேயே தலைமை ஏற்றவர் அனிதா பால்துரை. ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஒன்பது முறை ஆடியவர். திருமணமாகித் தாயான பின் அவர் மீண்டும் திடலுக்கு வந்தார். "வயது முப்பதைத் தாண்டிவிட்டது, கையில் குழந்தை, இனி என்ன ஆட்டம்?" என்று ஊர் கேட்கும் கேள்வியை நாம் அறிவோம். ஆனால் 2017-ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவுப் போட்டியில் ஆடிய இந்திய அணியில் அவர் இருந்தார். இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று வென்று, இந்தியா முதற் பிரிவுக்கு உயர்ந்தது. 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. வயதையும் தாய்மையையும் பார்த்து முடிவு கட்டியிருந்தால், அந்த வெற்றியில் அவருக்குப் பங்கு கிடைத்திருக்குமா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அனிதா தெற்கு ரயில்வேயில் பணிபுரிந்தவர். நம் நாட்டுக் கூடைப்பந்து வெகுகாலமாக ரயில்வே, வங்கி, காவல்துறை போன்ற அமைப்புகளின் அணிகளால் வளர்ந்தது. நமக்கு அருகிலுள்ள ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலைக்கும் விளையாட்டு அணிகள் உண்டு. இந்த முறையில் வீராங்கனைக்கு ஏலம் இல்லை, கோடிகள் இல்லை. ஆனால் முழங்கால் வலித்து ஆட்டம் ஓய்ந்தாலும் மறுநாள் காலையில் அலுவலகத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி இருக்கும். மேல்நாட்டார் பணத்தைக் கூட்டினார்கள். நம்மவர்கள் பாதுகாப்பைக் கொடுத்தார்கள். இப்போது மேல்நாட்டாரும் பாதுகாப்பின் அருமையை உணர்கிறார்கள். அமெரிக்க மகளிர் கூடைப்பந்துப் போட்டிகளுக்கென 2020-ல் செய்துகொண்ட உடன்பாட்டில், மகப்பேற்று விடுப்பின்போது வீராங்கனைகளுக்கு முழுச் சம்பளம் என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவரின் சோறு அவர் எறியும் பந்தில் தொங்கிக்கொண்டிராதபோதுதான், அணியும் தயக்கமின்றி உண்மையான முடிவை எடுக்க முடியும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் பள்ளி அணி யாரையும் மீண்டும் ஒப்பந்தம் செய்ய முடியாது! ஒவ்வொரு மார்ச் மாதமும் பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார் விடைபெறும்போது, நம் சிறந்த புள்ளி குவிப்பாளரும் போய்விடுகிறார். அதனால்தான் ஒருவரையே நம்பி ஆடாமல் ஐவரும் எறியப் பழக வேண்டும் என்கிறோம். அடுத்த ஆண்டின் ஆட்டக்காரி இந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் பந்து பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் கையிலும் பந்தைக் கொடுங்கள்.

ஆனால் மார்ச் மாதத்துக்கு முன்பே சிலரை நாம் இழக்கிறோம். அவர்களை விடுவிப்பது அணி அன்று, வீடு. பெண் பத்தாம் வகுப்புக்கு வந்ததும், "ஆடினது போதும், இனிப் படி" என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது. அவள் எப்படி ஆடுகிறாள் என்று ஒரு முறைகூட வந்து பார்க்காமலே வழங்கப்படும் தீர்ப்பு அது. பெற்றோரின் கவலை எங்களுக்குப் புரியாமல் இல்லை. மதிப்பெண் வேண்டும், மாலை நேரப் பேருந்தில் பெண் தனியே வரக்கூடாது, வெயிலில் கறுத்துப் போவாளே என்று பாட்டி புலம்புவார். இவற்றில் முதல் இரண்டும் பேசித் தீர்க்க வேண்டியவை. பயிற்சி நேரத்தை மாற்றலாம், ஒரே தெருப் பெண்களைச் சேர்த்து அனுப்பலாம். மூன்றாவதற்குப் பாட்டியிடம் ஒரு முத்தம் கொடுத்தால் போதும்.

அன்புள்ள பெற்றோரே, உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே. பெரிய அணிகள்கூட ஒருவரை விடுவிக்கும் முன் அவருடைய ஆட்டத்தைப் பலமுறை பார்க்கின்றன. நீங்களும் ஒருநாள் மாலை திடலுக்கு வாருங்கள். மகளின் ஆட்டத்தைப் பாருங்கள். பயிற்சி ஆசிரியையிடம் பேசுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் வேலையும் கிடைக்கும் வழி உண்டா என்று கேளுங்கள். அதன்பின் "நிறுத்து" என்றால், காரணத்தை அவளிடம் மதிப்போடு சொல்லுங்கள், அவளும் ஏற்றுக்கொள்வாள். "தொடர்" என்றால், அதுவே அவளுக்கு நீங்கள் எழுதித் தரும் முதல் ஒப்பந்தம்.

தோழியரே, ஒப்பந்தம் கிடைத்தவள் கடமையை மறக்கலாகாது. வீட்டுப்பாடத்தையும் முடித்துவிட்டுத் திடலுக்கு வாருங்கள். நேற்று அடித்த கூடைகளை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். இன்றைய பந்து கையில் இருக்கிறது, ஆடுங்கள்.