துறவறம் இல்லை என்றால் தன்னடக்கமும் இல்லையா?

"இஸ்லாத்தில் துறவறம் இல்லை." விருந்துகளின் அளவைப் பற்றியோ, ரமளான் இரவுகளின் உணவுக் கொண்டாட்டத்தைப் பற்றியோ யாரேனும் கேள்வி எழுப்பினால், நம் ஊர்களில் உடனே எடுத்து வைக்கப்படும் பதில் இதுதான். அல்லாஹ் ஹலாலாக்கியதைத் தடுக்க நீங்கள் யார் என்ற கேள்வியும் அதன் பின்னாலேயே வந்துவிடும். பதில் உண்மையானது. அது பயன்படுத்தப்படும் இடம்தான் தவறானது. மார்க்கத்தின் ஓர் உண்மையைக் கேடயமாக்கி, அதன் பின்னே நஃப்ஸ் ஒளிந்துகொள்கிறது என்பதே நம் குற்றச்சாட்டு.

துறவறம் குறித்து நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழியை முழுமையாகப் பார்ப்போம். மூன்று பேர் அவர்களின் வணக்கத்தைப் பற்றி விசாரிக்க வந்தனர். ஒருவர் இரவெல்லாம் தொழப்போவதாகவும், ஒருவர் காலமெல்லாம் நோன்பிருக்கப்போவதாகவும், ஒருவர் திருமணமே செய்யப்போவதில்லை என்றும் உறுதி பூண்டனர். நபியவர்கள் அதை ஏற்கவில்லை. தாம் நோன்பும் வைப்பதாகவும் விடுவதாகவும், தொழுவதாகவும் உறங்குவதாகவும், மணம் புரிந்து வாழ்வதாகவும் தெளிவுபடுத்தினார்கள் (புகாரி, முஸ்லிம்). இச்சைக்குக் கட்டுப்பாடு தேவையில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. கட்டுப்பாட்டைக் காட்டுக்கும் குகைக்கும் கொண்டுபோகாமல், வீட்டுக்குள்ளும் கடைத்தெருவிலும் வைத்துக்கொள் என்பதே பொருள். துறவி உணவுத்தட்டை விட்டு எழுந்து போய்விடுகிறார். முஸ்லிமோ அந்தத் தட்டின் முன் அமர வேண்டும், உண்ண வேண்டும், உரிய இடத்தில் கையை நிறுத்தவும் வேண்டும். இரண்டில் எது கடினம் என்பதை ஒவ்வொருவரும் தம் வயிற்றைக் கேட்டுக்கொள்ளட்டும்.

நோன்பின் அமைப்பே இதைத்தான் கற்பிக்கிறது. பகலில் நாம் விட்டுவிடுபவை எவை? சோறு, தண்ணீர், மனைவியின் நெருக்கம். இவை அனைத்தும் ஹலால். ஹலாலானதையே அல்லாஹ்வுக்காக நிறுத்தப் பழகியவருக்கு ஹராமை நிறுத்துவது எளிதாக வேண்டும் என்பதே பயிற்சியின் நோக்கம். அதனால்தான் நோன்பு கடமையாக்கப்பட்டதன் குறிக்கோளாக இறையச்சத்தைக் குர்ஆன் குறிப்பிடுகிறது (2:183). மணமுடிக்க வசதியற்ற இளைஞர்களுக்கு நோன்பைக் கேடயமாக நபியவர்கள் காட்டியதும் இதனால்தான் (புகாரி, முஸ்லிம்). வயிற்றை ஆளத் தெரிந்தவரால் பிற இச்சைகளையும் ஆள முடியும்.

இனி, நம் பகுதியின் நிலையைப் பார்ப்போம். மாதனூரிலிருந்து ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வரை, மறுபக்கம் மேல்விஷாரம் வரை, ரமளானில் அஸர் தொழுகை முடிந்ததும் தெருக்களின் முகமே மாறிவிடுகிறது. சமோசா, வடை, கட்லெட், வண்ண வண்ண சர்பத், அதன்பின் ஹலீம், தராவீஹுக்குப் பிறகு பிரியாணி, ஸஹருக்கு மீண்டும் இறைச்சி. நபியவர்கள் சில பேரீச்சம்பழங்களாலும், அவை இல்லாதபோது சில மிடறு தண்ணீராலும் நோன்பு திறந்தார்கள் (அபூதாவூத், திர்மிதி). வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று அளவும் கூறினார்கள் (திர்மிதி). இங்கோ மூச்சுக்குரிய பங்கில் குடியேறிய உணவு, தராவீஹில் நிற்கவிடாமல் நம்மைச் சுவரில் சாய்க்கிறது.

ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் இந்நோயை அன்றே கண்டு எழுதினார்கள். பகலில் விட்டதையெல்லாம் இரவில் சேர்த்து உண்பவருக்கு, ஷைத்தானை அடக்கி இச்சையை முறிக்கும் பயன் நோன்பினால் எப்படிக் கிடைக்கும் என்பதே அவர்களின் வினா. வயிறு, பாலுணர்வு ஆகிய இரு இச்சைகளையும் முறிப்பதைப் பற்றி அந்நூலில் ஒரு தனிப் பாகமே உண்டு. துறவறத்தைப் போதிப்பதற்காக அவர்கள் அதை எழுதவில்லை. அளவைப் போதிக்கவே எழுதினார்கள்.

அளவு என்பதை நம் பகுதி மக்களுக்கு விளக்க வேண்டிய அவசியமில்லை. பச்சைத்தோலை உப்பிடாமல் விட்டால் அழுகிவிடும். சுண்ணாம்பில் மிகுதியாக ஊறவிட்டால் அதன் வலுவே போய்விடும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட காலத்திலும் சரி, இன்றும் சரி, எவ்வளவு, எத்தனை நாள் என்று அறிந்தவரே தொழில் தெரிந்தவர். ஒரு மாட்டுத்தோலுக்குத் தரும் கவனத்தைத் தன் உடலுக்கும் நஃப்ஸுக்கும் தர ஒருவருக்கு மனமில்லை என்றால், அதை மார்க்கத்தின் சலுகை என்று எப்படி அழைப்பது?

இந்த அடங்காத பசிக்கு விலை கொடுப்பவர் யார் என்பதையும் பேசியாக வேண்டும். அஸருக்குப் பின்னுள்ள நேரம் திக்ருக்கும் துஆவுக்கும் உரிய நேரம். நோன்பு வைத்த பெண் அந்நேரத்தில் எங்கே நிற்கிறாள்? கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்கிறாள். காலையில் காலணித் தொழிற்சாலைக்குச் சென்று திரும்பியவளாயினும் அவளுக்கு விடுதலை இல்லை. ஐந்து வகைப் பலகாரம் இல்லையென்றால் முகம் சுளிக்கும் ஆண், தன் நாவின் சுவைக்காக அவளுடைய குர்ஆன் ஓதும் நேரத்தைத் தின்றுவிடுகிறான். அல்லாஹ்வின் தூதரோ வீட்டில் தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி).

அடுத்து, புகைக்கும் சகோதரர்கள். "விட முடியவில்லை" என்பது அவர்களின் நிரந்தர வாதம். மார்ச் மாதத்து நோன்பு நம் பகுதியில் ஏறத்தாழ 13 மணி நேரம் நீடிக்கிறது. அத்தனை மணி நேரம் ஒரு சிகரெட்டையும் தொடாதவர், ஒரு பொட்டலம் புகையிலையையும் பிரிக்காதவர், மஃக்ரிப் ஜமாஅத் முடிந்த மறு நிமிடம் பள்ளிவாசலின் வாசலிலேயே பற்றவைக்கிறார். அவரால் முடியும் என்பதற்கு அவர் வைத்த நோன்பே சாட்சி. அந்தச் சாட்சியை ஒவ்வோர் இரவும் அவரே பொய்யாக்குகிறார்.

கண்ணின் நோன்பு இதைவிடப் பரிதாபமானது. பார்வையைத் தாழ்த்தும் கட்டளையை இறைவன் முதலில் ஆண்களுக்கே இட்டான் (24:30). பெண்களுக்கான கட்டளை அடுத்த வசனத்தில்தான் வருகிறது. நம் மேடைகளிலோ முதல் வசனம் மௌனமாகிவிட்டது. மகளின் முக்காட்டை அளந்து பார்க்கும் தந்தை, நள்ளிரவில் மகனின் கைப்பேசியில் ஓடுவது என்னவென்று கேட்பதில்லை. மாலையில் தொழிற்சாலைப் பேருந்துகளில் வந்து இறங்கும் பெண்கள், எந்தச் சமயத்தவராயினும், தேநீர்க்கடையில் நிற்கும் நம் இளைஞர்களின் பார்வையைக் கடந்தே வீடு சேர வேண்டியுள்ளது. அந்தப் பார்வைக்கு நோன்பு இல்லையென்றால், வயிற்றுக்கு மட்டும் இருந்து என்ன பயன்? பொய்யான பேச்சையும் தீய செயலையும் விடாதவர் உணவையும் நீரையும் விடுவதில் அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறதே (புகாரி)!

2025ஆம் ஆண்டு ரமளான் மார்ச் மாதத் தொடக்கத்தில் பிறந்தது. அதே வாரத்தில், மார்ச் 5ஆம் நாள், கிறிஸ்தவர்களின் சாம்பல் புதன் வந்தது. கத்தோலிக்கர் தவக்காலம் என்றும் பிற சபையினர் லெந்து நாட்கள் என்றும் அழைக்கும் 40 நாட்கள் அன்று தொடங்கின. அவர்களின் கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. ஆயினும் அந்நாட்களில் இறைச்சியை விட்டு, ஆடம்பரத்தைக் குறைத்து, மிச்சப்பட்டதை ஏழைகளுக்குக் கொடுக்கும் குடும்பங்கள் நம் அடுத்த தெருவிலேயே வாழ்கின்றன. நமக்கு முன்னிருந்தோர் மீதும் நோன்பு விதிக்கப்பட்டது என்று குர்ஆன் நினைவூட்டுகிறது. அவர்கள் தவக்காலத்தில் இறைச்சிச் செலவைக் குறைக்கும்போது, நம் இல்லங்களில் ரமளான் மளிகைப் பட்டியல் மற்ற மாதங்களைவிட நீள்கிறது என்றால், அந்த அண்டை வீட்டாருக்கு நம் நோன்பைப் பற்றி எதைச் சொல்லி விளக்குவோம்?

விருந்தோம்பல் நம் பண்பாடு, நோன்பாளிக்கு உணவளிப்பது நன்மை என்று சிலர் வாதிடுவர். மறுக்கவில்லை. உணவளிப்பதற்கே அந்த நன்மை. தட்டின் உயரத்திற்கு அன்று. செல்வந்தரை அழைத்து ஏழையைப் புறக்கணிக்கும் வலீமா உணவே உணவுகளில் கெட்டது என்ற எச்சரிக்கையும் அதே மார்க்கத்தில்தான் உள்ளது (புகாரி, முஸ்லிம்). உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்திலமைந்த வசனத்தில் (7:31) முதலிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றாவதைக் குப்பைத்தொட்டியில் கொட்டுவதைத்தான் எதிர்க்கிறோம்.

மாற்று வழி நம் கண் முன்னே இருக்கிறது. ஆண்டுதோறும் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்கு வழங்கும் அரிசியில் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சியைப் பாருங்கள். தோல் ஆலை முதலாளிக்கும், அவரிடம் கூலி பெறும் தொழிலாளிக்கும் ஒரே பாத்திரத்துக் கஞ்சி. பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சி ஆகியவற்றோடு இஃப்தார் நிறைவுறட்டும். இதை ஜமாஅத்துகள் முறையாக அறிவிக்கட்டும். வலீமாவில் ஒரே வகை உணவு என்று மஹல்லாக்கள் தீர்மானிக்கட்டும். ரமளானோடு பயிற்சி முடிந்துவிடாமல், திங்களும் வியாழனும் நோன்பிருக்கும் நபிவழியைக் குடும்பத்தில் ஒருவரேனும் தொடங்கட்டும். மிச்சமாகும் பணத்திற்கு வழி தேட வேண்டியதில்லை. ஆம்பூருக்கு அருகே உமராபாத்தில் 1924இல் தாருஸ்ஸலாம் அரபுக் கல்லூரியை நிறுவிய காக்கா முஹம்மது உமர் சாஹிப் ஒரு தோல் வணிகர்தான். தோலில் ஈட்டிய செல்வம் கல்வியாக நிலைத்து நின்ற வரலாறு இம்மண்ணுக்கு உண்டு.

ஹலாலான உணவின் முன் அமர்ந்து, பசி முற்றும் தீருமுன் கையை எடுக்கத் தெரிந்த சமுதாயத்தையே நோன்பு உருவாக்க வந்தது. அந்தக் கையை எடுக்கும் வலிமையை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.