என் தம்பியின் மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?

நிபுணர் குழு ஒன்று கூடியதாம். பரிந்துரை ஒன்று எழுதியதாம். அதை அரசு ஏற்றுக்கொண்டதாம். அந்தக் குழுவில் யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள், எதைக் கண்டு அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. எங்களுக்கு வந்து சேர்ந்ததெல்லாம், அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து வந்த ஒரு வாக்கியம்தான்: "இனிமே இந்த மாத்திரை இங்க வராதும்மா, வெளியில வாங்கிக்குங்க."

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். கல்லூரி முதல் வருஷத்தில் அவனைப் பிடித்துக்கொண்டது. எந்த மாத்திரைக்கும் அடங்காமல் ஆட்டி வைத்த நோயைக் கடைசியில் அடக்கியது க்ளோசபின். மற்ற மருந்துகள் கைவிட்டவர்களுக்குக் கொடுக்கிற மருந்து அது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைகின்றனவா என்று விடாமல் பரிசோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது. இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவுக்கு நேராகப் போக முடியாது. மிகக் குறைந்த அளவிலிருந்து மறுபடி படிப்படியாக ஏற்ற வேண்டும். மனநல மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. அந்தக் குழுவில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

அந்த மாத்திரையால் அவன் குளித்தான், சாப்பிட்டான், அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குப் போனான். தீபாவளிக்கு அம்மாவுக்குத் தன் சம்பளத்தில் சேலை எடுத்தான். ஜன்னலில் அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகு நாங்கள் ஊரில் ஏறி இறங்காத மருந்துக் கடை இல்லை. எங்கும் கிடைக்கவில்லை. மதுரையிலிருந்து வரவழைப்பதற்குள் குரல்கள் அவன் காதுக்குத் திரும்பி வந்துவிட்டன. பழைய அளவுக்கு ஏற்றிக் கொண்டுவருவதற்குள் வேலை போயிற்று. அம்மா விடிய விடிய அவன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். இந்த இழப்பு எந்தக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது?

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். மருந்தை நிறுத்தும் முடிவுக்கு ஆலோசனை சொன்ன குழு எது, கூட்டக் குறிப்பில் என்ன இருக்கிறது, மாற்றுக் கருத்து யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். முதலில், கோப்பு பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்தேன். உள் ஆலோசனை என்பதால் வெளியிட இயலாது என்றார்கள். அதன் பிறகு, நோயாளிகளின் அந்தரங்கம் என்றார்கள்.

நான் எந்த நோயாளியின் கேஸ் ஷீட்டையும் கேட்கவில்லையே! யாருக்கு என்ன நோய் என்று கேட்கவில்லையே! அதிகாரிகளும் மருத்துவர்களும் அரசுக்கு எழுதிக் கொடுத்த ஆலோசனையைத்தானே கேட்டேன்? அதில் ஏதேனும் நோயாளியின் பெயர் இருந்தால் அதை மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்க அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு வழி சொல்கிறது. எங்கள் மானத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லித் தங்கள் முடிவைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். தெருவில் எங்களைப் 'பைத்தியக்கார வீடு' என்று கூப்பிட்டபோது இந்த அக்கறை எங்கே போயிருந்தது?

சட்டம் என்ன சொல்கிறது என்று வாசித்துப் பார்த்தேன். வாசிக்க வாசிக்கத்தான் வயிறு எரிந்தது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 4-ஆம் பிரிவு இருக்கிறது. முக்கியமான கொள்கையை வகுக்கும்போது அது தொடர்பான எல்லா விவரங்களையும் அரசே முன்வந்து வெளியிட வேண்டும். முடிவால் பாதிக்கப்படுகிறவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும். என்னென்ன குழுக்கள் இருக்கின்றன, அவற்றின் கூட்டக் குறிப்புகள் மக்கள் பார்வைக்குக் கிடைக்குமா என்பதையும் அறிவிக்க வேண்டும். உள்ளூர் மொழியையும் கருத்தில் கொள்ள வேண்டும். மனுப் போட்டுக் கெஞ்சிக் கேட்ட பிறகு கொடுக்க வேண்டியவை அல்ல இவை. அமைச்சரவைக் கோப்புகளுக்கு விலக்கு அளிக்கும் 8-ஆம் பிரிவுகூட, முடிவெடுத்து விஷயம் முடிந்த பிறகு, முடிவையும் அதன் காரணங்களையும் அடிப்படை ஆவணங்களையும் வெளியிட வேண்டும் என்றே சொல்கிறது. என் தம்பியின் மாத்திரை விஷயத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. காரணத்தை மட்டும் காணோம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளை அரசு மருத்துவமனைகளில் எந்நேரமும் இலவசமாகத் தர வேண்டும் என்பது அதன் 18-ஆம் பிரிவு. க்ளோசபின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. பிறகு யார், எந்த அதிகாரத்தில், 'வெளியில வாங்கிக்குங்க' என்று சொல்ல வைத்தார்கள்? மாநில மனநல ஆணையத்தில் நோயை அனுபவித்தவர்களின் பிரதிநிதிகளும் பராமரிப்பவர்களின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. எங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற மற்றக் குழுக்களில் மட்டும் நாங்கள் ஏன் இல்லை? உள்ளே விடாவிட்டாலும் போகட்டும், உள்ளே பேசியதையாவது சொல்லக் கூடாதா?

"ஆலோசனைகளை வெளியிட்டால் நிபுணர்கள் மனம் திறந்து பேச மாட்டார்கள்" என்று ஒரு வாதம் சொல்கிறார்கள். இந்திய சட்ட ஆணையத்தைப் பாருங்கள். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை நீக்க வேண்டும் என்று 1971-இல் தன் 42-ஆம் அறிக்கையில் சொன்னது. 1997-இல் 156-ஆம் அறிக்கையில் அது இருக்கட்டும் என்று மாற்றிச் சொன்னது. 2008-இல் 210-ஆம் அறிக்கையில் மறுபடியும் நீக்கச் சொன்னது. எல்லாமே பகிரங்கம். கருத்தை மாற்றிக்கொண்டதால் எந்த நீதிபதியின் தலையும் உருளவில்லை. அந்த அறிக்கைகள் வெளியில் இருந்ததால்தான், 1971-இல் சொன்ன யோசனையை மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ஓரளவுக்காவது ஏற்க 2017 வரை ஏன் காத்திருந்தீர்கள் என்று இன்று எங்களால் கேட்க முடிகிறது. அந்த இடைக்காலத்தில்தான் என் தம்பி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தவனிடம் வழக்கு என்று சொல்லி மிரட்டினார்கள். மறைக்கப்பட்ட ஆலோசனையில் இப்படி எத்தனை தாமதங்கள் புதைந்து கிடக்கின்றனவோ, யார் அறிவார்?

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடி தர்காவுக்கு அருகே மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நாடே அழுதது. அந்த 28 பேரையும் அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் எங்களைப் போன்ற குடும்பங்கள்தான். வேறு வழி தெரியாமல் விட்டவர்கள். அரசு என்ன சிகிச்சை தரும், எங்கே தரும், நாளைக்கும் தருமா என்று தெரியாத குடும்பத்துக்கு அன்று தர்காதான் கதி, கொட்டகைதான் கதி. தேசிய மனநல ஆய்வை 2015-16-இல் பெங்களூரின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்தியது. மனநோய்கள் பலவற்றில் நோயுற்றவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சையே பெறவில்லை என்று அது சொன்னது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? எங்கள் நிலைமை ஊருக்கே தெரியும். அதற்கு அரசிடம் என்ன யோசனை இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியவில்லை.

இந்தியாவிலேயே முதன்முதலாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, 1997-இல். அந்த மாநிலத்தில், ஒரு மாத்திரை ஏன் நின்றது என்று கேட்கிற அக்காவுக்குப் பதில் இல்லை.

என் கோரிக்கைகள் இவைதான். மனநலம் தொடர்பாக அரசு அமைத்த எல்லாக் குழுக்களின் பட்டியலையும் வெளியிடுங்கள். கூட்டக் குறிப்புகளை, மாற்றுக் கருத்துகள் உட்பட, தமிழில் வெளியிடுங்கள். எந்தப் பரிந்துரையை ஏற்றீர்கள், எதைத் தள்ளினீர்கள், ஏன் என்று எழுதிக் கொடுங்கள். ஒரு மருந்தை நிறுத்துவதானால், அதை நம்பி உயிர் வாழ்கிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

இதே ஜன்னல்களில் வரிசையில் நிற்கும் அம்மாக்களே, அண்ணன்மார்களே, அக்காக்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மாத்திரை இல்லை என்று சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு திரும்பாதீர்கள். ஏன் இல்லை, யார் முடிவு செய்தது, எந்தக் கோப்பில் என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி எடுத்த முடிவுக்குக் காரணம் கேட்பது நம் உரிமை. அதைச் சொல்ல மறுப்பது சட்ட மீறல்.