எல்லா உடையும் கையால் தைத்ததுதான்

"நீயே தைச்சதா?" என்று கேட்டுவிட்டு உடனே துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள். நான் தைத்த ஜாக்கெட்டையும் அதற்குள் அணியும் கவுனையும் போட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போகும் நாள்களில் இரண்டு பேராவது இப்படிக் கேட்பதுண்டு. கேட்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால், பக்கத்தில் நிற்கும் தோழி கடையில் வாங்கிய ஜாக்கெட்டைப் பார்த்து, "இதை யார் தைத்தது?" என்று எவரும் கேட்பதில்லை. ஒரு முனையில் நூலைப் போட்டால் மறுமுனையில் சட்டை வந்து விழும் இயந்திரம் எங்கோ இருப்பதுபோல நாம் நடந்துகொள்கிறோம்.

அப்படி ஓர் இயந்திரம் கிடையாது. துணி வெட்டவும் பித்தான் தைக்கவும் நல்ல இயந்திரங்கள் வந்துவிட்டன, உண்மைதான். ஆனால், துணி தகரம்போல விறைப்பாக நிற்பதில்லை. சரியும், சுருங்கும், இழுத்த பக்கம் நீளும். அதைப் பிடித்துத் திருப்பி ஊசிக்குக் கீழே சீராக நகர்த்த இன்றும் பெரும்பாலும் மனிதக் கைதான் வேண்டியிருக்கிறது. சட்டைக்குக் கை வைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட்டின் கைத்துண்டை மேற்பக்கம் வளைவாக வெட்டுவோம். அந்த வளைவின் நீளம், அது போய்ச் சேரவேண்டிய அக்குள் வளைவைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். அப்போதுதான் தோளின் உருண்டைமேல் துணி படிந்து உட்காரும். அந்தக் கூடுதலை ஒரு சுருக்கம்கூடத் தெரியாமல் சிறிய வளைவுக்குள் அடக்க வேண்டும். குண்டூசி குத்தி, கையால் ஓட்டுத்தையல் போட்டு, பிறகு மெதுவாக மிஷினை ஓட்ட எனக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது.

ஜாக்கெட்டுக்காக நான் எடுத்தது அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளியிட்ட மதுரைச் சுங்குடிச் சேலை. துணியைச் சிட்டிகையாகக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி எடுத்து அவிழ்த்தால், கட்டிய இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி நிற்கும். மதுரையில் சௌராஷ்டிரச் சமூகத்தினர் வளர்த்த கைத்தொழில் இது. (சுங்குடி என்ற பெயரில் அச்சடித்த துணியும் விற்கிறது. கட்டிப் போட்ட புள்ளிகளில் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது.) சேலையின் கரை நீளவாக்கில் ஓடுகிறது. அது ஜாக்கெட்டின் கீழ் விளிம்பிலும் கை விளிம்பிலும் வரவேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்காகக் காகித அளவுத்துண்டுகளை எல்லாம் குறுக்கே திருப்பி வைத்து வெட்டினேன். உள்ளே அணியும் கவுன் அரபு ஸ்திரீட்டில் வாங்கிய கருநீலப் பருத்தியில் தைத்தது. கை இல்லாதது, முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்பது.

அணிவதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒன்றில் புள்ளி இருந்தால் மற்றது வெறுமையாக இருக்க வேண்டும். அதனால் கவுனில் ஒரு பூ வேலைகூட இல்லை. காதில் சிறிய தோடு, காலில் வெள்ளை கேன்வாஸ் காலணி, அவ்வளவுதான். இந்த வெயிலில் ஜாக்கெட்டா என்று சிரிப்பவர்கள் எங்கள் விரிவுரை மண்டபத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். சிங்கப்பூரில் குளிர்காலம் கட்டடங்களுக்குள்ளே இருக்கிறது. ஜாக்கெட்டை இடுப்போடு நிறுத்தியதால் ஜீன்ஸுக்கும் பொருந்துகிறது, வெள்ளைக் குர்த்தாவின் மேல் போட்டுக் கோயிலுக்கும் போக முடிகிறது.

ஜாக்கெட் தைக்கப்போகிறேன் என்றதும் பாட்டி, "எந்தச் சேலைக்கும்மா?" என்றார். அவர் தலைமுறைக்கு ஜாக்கெட் என்றால் ரவிக்கை. பாட்டி 1970களில் காலாங் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடித் தொழிற்கூடத்தில் ஆயத்த ஆடை தைத்தவர். அந்தக் காலத்தில் இங்கே ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அதுதான் வேலை. கை வைக்கும் வித்தையை அவரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று போனால், "எனக்குத் தெரியாதே. நான் காலர் மட்டும்தான் தைச்சேன்" என்றார். ஆறு ஆண்டுகள், காலர் மட்டும்! கை வைப்பது இன்னொருவர், பித்தான் துளை வேறொருவர். ஒரு முழுச் சட்டையை அவர் தைத்ததே இல்லை. ஆனால், என் காலர் துண்டுகளை அவரிடம் கொடுத்தபோது பத்தே நிமிடத்தில் இரண்டு முனைகளும் ஒரே கூர்மையில் திரும்பி வந்தன. மாதிரித் துணியில் அதைப் பழக எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்திருந்தது.

வெட்டுவது முதல் இஸ்திரி போடுவது வரை எனக்கு மொத்தம் 38 மணி நேரம். சேலை, பருத்தி, உள்துணி, கேன்வாஸ், நூல், பித்தான் எல்லாம் சேர்த்து 70 வெள்ளி. மணிக்கு 12 வெள்ளிக்குப் பகுதிநேர வேலை பார்க்கும் நான், என் நேரத்தையும் அதே விலைக்குக் கணக்கிட்டால் 456 வெள்ளி. ஆக 526 வெள்ளி! தையல் கற்றால் பணம் மிச்சம் என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுகிறேன். கடையில் இதே மாதிரி ஒரு ஜாக்கெட்டும் கவுனும் 59.90 வெள்ளிக்குத் தொங்குகின்றன.

நான் புதியவள், மெதுவாகத் தைக்கிறேன் என்பீர்கள். சரி. கைதேர்ந்த ஒருவர் எட்டு மணி நேரத்தில் முடிக்கிறார் என்று வைத்துக்கொண்டாலும் கூலியே 96 வெள்ளி ஆகிறது. தொழிற்கூடத்தில் வேலையைப் பிரித்துச் செய்வதால் இன்னும் வேகம், அதையும் கழித்துவிடுவோம். மிஞ்சும் 59.90 வெள்ளிக்குள் துணி, கப்பல், கடை வாடகை, விளம்பரம், இலாபம் எல்லாம் இருக்கின்றன. தைத்தவருக்கு என்ன போயிருக்கும்?

பாட்டி வேலை பார்த்த கூடம் இன்று இல்லை. இங்கே கூலி உயர உயர அந்த வேலை கூலி குறைந்த நாடுகளுக்கு நகர்ந்துவிட்டது. காலர் மட்டும் தைக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள், நம் கண்ணில் படாத ஊர்களில். 2013 ஏப்ரல் 24ஆம் தேதி பங்ளாதேஷின் சாவார் நகரில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முந்தின நாளே சுவர்களில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். அங்கே தைத்தவை வெளிநாட்டுக் கடைகளுக்குப் போன உடைகள்.

இதற்குத் தீர்வாக எல்லாரும் சொந்தமாகத் தைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அது நடக்காது. தைப்பவர்கள் எல்லாரும் சிக்கனக்காரர்களும் இல்லை. துணியை வாங்கி அலமாரியில் அடுக்குவது தனி நோய். ஆனால், ஒரு முறை கை வைத்துப் பார்த்தவருக்கு விலைச்சீட்டு வேறு மாதிரி தெரியும். தீபாவளி நெருங்கும்போது தேக்காவில் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் நம்மில் எத்தனை பேர், 80 வெள்ளிக்குச் சேலை எடுத்துவிட்டு, தையல் கூலியில் ஐந்து வெள்ளி குறைக்கச் சொல்லி நிற்கிறோம்! உள்துணி வைத்த ரவிக்கை என்றால் அவர் ஏறக்குறைய இரண்டு ரவிக்கை தைக்கிறார்.

அம்மா உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது மனையியல் பாடத்தில் தையலும் இருந்தது. மாணவிகளுக்கு ஊசி, மாணவர்களுக்கு மரவேலை. அந்தப் பிரிவினை ஒழிந்தது நல்லது. கூடவே ஊசியும் போனதுதான் வருத்தம். நான் படித்த உணவு, பயனீட்டாளர் கல்விப் பாடத்தில் விலையை ஒப்பிடவும் பொட்டலத்துச் சீட்டைப் படிக்கவும் கற்றுக்கொண்டேன், நூல் கோக்கவில்லை. சமூக மன்றங்களில் தையல் வகுப்புகள் நடக்கின்றன. ஆனால், அங்கே போவோர் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள். எதையும் யோசிக்காமல் இணையத்தில் ஐந்து சட்டைகளை ஒன்றாக வாங்குபவரிடம் ஊசியைக் கொடுக்கப் பள்ளியால்தான் முடியும்.

தேர்வு நெருக்கடியில் இதற்கு ஏது நேரம் என்ற கேள்வி வரும். உயர்நிலை ஒன்றிலோ இரண்டிலோ ஒரே ஒரு பருவம் போதும். மாணவர், மாணவியர் எல்லாருக்கும் ஒரு சட்டை, மதிப்பெண் இல்லாமல். முதல் சட்டை கை இல்லாததாக இருக்கட்டும். கை வைப்பது உண்மையிலேயே கஷ்டம்.