மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் வீடு வாங்கினால் மணி கேட்கத்தான் செய்யும்

நகரத்தில் வேலை பார்த்துக் களைத்துப்போன ஒருவர் இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தில் வீடு பார்க்கப் போகிறார். பச்சைப் புல்வெளி, கல் வீடுகள், நடுவில் பல நூறு வருடத்துத் தேவாலயம். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் மணிக்கூண்டு. "ஆகா, இதுவல்லவோ கிராமம்!" என்று பணத்தைக் கட்டிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடிக்கிறது. திங்கட்கிழமை உள்ளூர் மன்றத்துக்குப் புகார் போகிறது.

வீடு பார்க்க வந்த அன்று கண்ணை மட்டும்தான் கூட்டிக்கொண்டு வந்தாரா? காதை எங்கே விட்டுவிட்டு வந்தார்?

1990-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி, இரைச்சல் பற்றி ஒருவர் புகார் கொடுத்தாலும் மன்றம் விசாரித்தாக வேண்டும். தொல்லைதான் என்று முடிவானால் நோட்டீஸ். ஊரில் மற்ற எல்லோருக்கும் அந்த ஓசை பிடித்திருந்தாலும், அதைச் சொல்ல அவர்களுக்குப் புகார்ப் படிவம் கிடையாது!

ஒன்றை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். கடிகார மணி வேறு, ஆட்கள் கயிறு இழுத்து அடிக்கும் மணி வேறு. கென்ட் மாவட்டத்து சாண்ட்விச் ஊரில் 2017-இல் ஒரு புகாரை அடுத்து நின்றது கால் மணிக்கொருமுறை அடிக்கும் தேவாலயக் கடிகாரம். அது இயந்திரம். நடு இரவு இரண்டேகால் என்று ஊருக்கே அறிவிக்காவிட்டால் குடி முழுகிவிடாது. ஊர்க்காரர்கள் கொதித்தார்கள் என்பது உண்மைதான், ஆனாலும் தூக்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

ஞாயிறு வழிபாட்டுக்கும் வாரத்தில் ஒரு மாலைப் பயிற்சிக்கும் அடிப்பது அப்படியல்ல. அது ஒரு கலை, கொஞ்சம் கணிதம். வெண்கல மணி ஒவ்வொன்றும் ஒரு பெரிய சக்கரத்தில் பொருத்தப்பட்டு, வாய் மேலே பார்க்க நிற்கும். கயிற்றை இழுத்தால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடியும் தலைகீழாக வந்து நிற்கும். நூற்றுக்கணக்கான கிலோ எடை, ஆகவே நினைத்த வேகத்தில் அடித்துப் பாட்டு வாசிக்க முடியாது. ஒரு சுற்றுக்கு ஒரு இடம் முன்னே வரலாம், ஒரு இடம் பின்னே போகலாம், அவ்வளவுதான். இந்தக் கட்டுப்பாட்டிலிருந்துதான் வரிசைமாற்ற மணியடிப்பு பிறந்தது. ஆறு மணிகளுக்கு 720 வரிசைகள், ஏழுக்கு 5040, எட்டுக்கு 40320. 5040 வரிசையை ஒன்றுகூடத் திரும்ப வராமல் அடித்து முடிக்கச் சுமார் மூன்று மணி நேரம். தாளைப் பார்க்காமல், மனப்பாடமாக! ஃபேபியன் ஸ்டெட்மன் 1677-லேயே இதற்குப் புத்தகம் போட்டுவிட்டார். இதைப் போய் "டொங் டொங் சத்தம்" என்று புகாரில் எழுதுகிறார்கள்.

சட்டம் யார் பக்கம்? 1879-இல் ஒரு வழக்கு. மிட்டாய்க்காரர் ஒருவர் இருபது வருடத்துக்கும் மேலாக உரலில் இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மருத்துவர் பிறகு சுவரை ஒட்டி ஆலோசனை அறை கட்டினார், வழக்குப் போட்டார், ஜெயித்தார். "நீர்தானே ஐயா பின்னால் வந்தீர்" என்ற வாதம் எடுபடவில்லை. 2014-இலும் உச்ச நீதிமன்றம் அந்த அடிப்படையைக் கைவிடவில்லை. 2018-இன் திட்டமிடல் கொள்கை கொஞ்சம் ஆறுதல்: புதிய கட்டுமானம் வருவதால், ஏற்கெனவே இருக்கும் வழிபாட்டிடங்கள் மீது நியாயமற்ற கட்டுப்பாடு விழக்கூடாது என்கிறது. ஆனால் பழைய வீட்டை வாங்கிக் குடிவந்தவரை அது தொடவில்லை. பிரான்சோ 2021-இல் கிராமத்து ஓசைகளையும் வாசனைகளையும் நாட்டின் மரபுச் சொத்தாகச் சட்டத்தில் எழுதிவிட்டது.

கணக்குப் பாடம் படித்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். அந்த வீட்டின் விலையில் மணிக்கூண்டும் சேர்ந்திருக்கிறது. அந்தக் காட்சிக்காகத்தான் கூடுதல் பணம் கொடுத்தார். சொத்தை மட்டும் ஏட்டில் எழுதுவேன், அதோடு வரும் பொறுப்பை எழுதமாட்டேன் என்றால் எந்தத் தணிக்கையாளர் கையெழுத்துப் போடுவார்?

இரவுப்பணி முடித்து உறங்கும் செவிலியர், கைக்குழந்தை இருக்கும் வீடு... இவர்களுக்குப் பதில் இல்லாமல் இல்லை. கூண்டில் மரக்கதவு போட்டு ஓசையைக் குறைக்கலாம். நாக்கைக் கட்டிவிட்டுக் கணினி ஒலியை வைத்துப் பயிற்சி எடுக்கலாம். பல கூண்டுகளில் இதைச் செய்கிறார்கள். பேசினால் தீரும் விஷயம். பேசாமல் நேரே நோட்டீஸுக்குப் போவதுதான் அநியாயம்.

ஏனென்றால் இந்த வித்தை கையிலிருந்து கைக்குப் போவது. சில வருடம் கூண்டு மூடிக்கிடந்தால் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. 1940 ஜூனில் எதிரி படையெடுத்தால் மட்டுமே மணி என்று அரசு தடை போட்டது. 1942 நவம்பரில் எல் அலமைன் வெற்றிக்காக அடித்தபோதுதான் ஊர்கள் மறுபடியும் அந்த ஓசையைக் கேட்டன. அது போர்க்காலம். 2020-இல் கொரோனா வந்தபோதும் கயிறுகள் சும்மா தொங்கின. 2017-இல் நானூறு வருடங்களுக்கு மேல் மணி வார்த்த வைட்சேப்பல் வார்ப்பகமும் லண்டனில் மூடப்பட்டது. இவ்வளவுக்கும் பிறகு ஒரு தனி மனிதரின் புகாரும் வேண்டுமா?

பல கிராமங்களில் ஆறு மணி இருக்கும், அடிக்க நாலு பேர்தான் வருவார்கள். புகார் எழுதும் அந்தக் கனவான் பயிற்சி நாளன்று படியேறிப் போனால் யாரும் விரட்டமாட்டார்கள், கயிற்றைக் கையில் கொடுத்து "பிடியுங்கள் சார்" என்பார்கள்.