பத்து ரூபாய்க்கு மிளகு

மாமாவின் மளிகைக் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த கதையைச் சொல்லியே ஆகவேண்டும்.

பில் போடும் சாஃப்ட்வேரையும் பெட்டியோடு சேர்த்து விற்றுவிட்டுப் போனார்கள். 'நீதான் பி.காம். ஆச்சே, பாத்துக்கோடா மாப்ளே' என்று அதை என் தலையில் கட்டினார் மாமா.

முதல் நாளே எதிர் வீட்டுப் பாட்டி. 'பத்து ரூபாய்க்கு மிளகு குடுப்பா.'

மெஷின் கேட்கிறது: எத்தனை கிராம்?

மாமா என்னைப் பார்க்கிறார். நான் கால்குலேட்டரைத் தேடுகிறேன். கிலோ 800 ரூபாய் என்றால்... 12.5 கிராம். நிமிர்ந்து பார்த்தால் பாட்டியைக் காணோம். அடுத்த கடைக்குப் போய்விட்டார். இருபது வருஷ வாடிக்கை!

சாஃப்ட்வேரின் கணக்கில் ஒரு தப்பும் கிடையாது. எடை முதலில், விலை அப்புறம். ஆனால் மாமா கடைக்கு வருகிறவர்கள் கையில் முதலில் இருப்பது ரூபாய்தான்!

1968-ல் ஜெர்மனியில் கார்மிஷ் என்ற ஊரில் நிபுணர்கள் கூடி, சாஃப்ட்வேரையும் பாலம் கட்டுகிற மாதிரி முறையான இன்ஜினீயரிங்காகச் செய்ய முடியுமா என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதே வருஷம் டொனால்ட் கனூத் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு புத்தகத்தின் முதல் பாகத்தை வெளியிட்டார். 'புரோகிராமிங் என்னும் கலை' என்கிற அர்த்தத்தில் தலைப்பு. கவனியுங்கள், கலை!

1977-ல் அதன் இரண்டாம் பாகத்தின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படி அவருக்குச் சகிக்கவில்லை. அச்சுக் கோக்க நாமே சாஃப்ட்வேர் எழுதினால் என்ன என்று 'டெக்' என்பதை ஆரம்பித்தார். ஒரு வருஷத்தில் முடியும் என்று நினைத்தது, பத்து வருஷம் இழுத்தது. எழுத்துக்களைக் கணக்குச் சூத்திரம் போட்டு வரைந்தபோது 'எஸ்' மட்டும் படியவே இல்லை. தூக்கம் போனது. மனைவி எட்டிப் பார்த்து, எஸ் மாதிரியே வரைய வேண்டியதுதானே என்றாராம்! சூத்திரம் கடைசியில் கிடைத்தது. ஆனால், 'இது எஸ்தான்' என்று ஒத்துக்கொள்ள வேண்டியது கண்தான்.

மாமா கடைக்கு வருவோம். தெரிந்த பையன் ஒருவனைப் பிடித்தேன். அவன் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. இரண்டு நாள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, யார் எப்படிக் கேட்கிறார்கள், மாமா கை எங்கே போகிறது என்று வேடிக்கை பார்த்தான். மூன்றாம் நாள், ரூபாயைத் தட்டினால் கிராம் வந்தது.

'கொசுறுக்கு ஒரு கட்டம் வைக்கட்டுமா சார்?' என்றான்.

'வேணாம் தம்பி. அதைக் கை பாத்துக்கும்' என்றார் மாமா.

பாட்டி திரும்பி வந்துவிட்டார். மாசக் கடைசியில் ஸ்டாக்தான் இடிக்கிறது. அதைச் சரிக்கட்டத்தான் பி.காம். ஒருத்தன் இருக்கிறேனே!