குதிரையில் இருப்பவர் யார்?



சென்ற மாதம் எமக்குத் தெரிந்த குடும்பமொன்றின் வீட்டுக்குப் போயிருந்தோம். பிள்ளைகள் கதிரைகளைக் குதிரைகளாக்கி ஓடி விளையாடிக்கொண்டிருந்தனர். ஏழு வயதுச் சிறுமி மட்டும் ஏறவில்லை. ஒரு கயிற்றைப் பிடித்தபடி ஓரமாக நின்றாள். ஏன் என்று தாய் கேட்டார். "நான் குதிரை பிடிக்கிற ஆள் அம்மா. எங்களைப் போல ஆக்கள் அதில ஓடுறேல்லைத்தானே" என்றாள்.

முதல்நாள் அவர்கள் பார்த்த படம், டிஸ்னி நிறுவனம் 2010இல் வெளியிட்ட 'செக்ரட்டேரியட்'. 1973இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற குதிரையின் கதை. கடைசிப் பந்தயத்தில் அது 31 குதிரை நீளத்தால் முந்தியது. பிள்ளைகளோடு இருந்து பார்க்க உகந்த படம்தான். ஆனால் அதில் எமது நிறத்துக்குக் கிட்டியவராக அச்சிறுமி கண்டவர் எடி ஸ்வெற் என்ற கறுப்பினத்தவர். லாயத்தில் குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, கடிவாளம் பிடித்து நடத்திச் செல்பவர். பிள்ளை படத்தைப் பிழையாக விளங்கவில்லை. கண்டதைத்தான் சொன்னாள்.

ஆனால் சரித்திரம் படத்தைவிடப் பெரியது. அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்ரக்கி டேர்பி பந்தயம் 1875இல் முதன்முதலாக நடந்தபோது ஓடிய 15 ஜொக்கிகளில் 13 பேர் கறுப்பினத்தவர். வென்ற ஒலிவர் லூயிஸும் அவர்களில் ஒருவரே. ஐசாக் மேர்பி அதே பந்தயத்தில் மூன்று தடவை வென்றார். ஜிம்மி விங்க்ஃபீல்ட் 1901, 1902 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்றார். பின்னர் நிறவெறி அவர்களைப் பந்தயத்திடலிலிருந்து விரட்டியது. குதிரையில் ஏற ஆளில்லாமல் போகவில்லை, ஏறியவர்கள் இறக்கப்பட்டார்கள்.

பெண்களின் கதையும் இதற்குக் கிட்டியதே. 1944இல் வந்த 'நாஷனல் வெல்வெட்' படத்தில் எலிசபெத் ரெய்லர் தலைமயிரை வெட்டி, ஆண் வேடமிட்டு, இங்கிலாந்தின் கிராண்ட் நாஷனல் பந்தயத்தில் ஓடுவார். உண்மையில் அங்கு ஒரு பெண் ஓட 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021இல் ரேச்சல் பிளக்மோர் வென்று, அப்பந்தயத்தை வென்ற முதற் பெண்ணானார்.

படங்களும் மெல்ல மாறுகின்றன. 2002இல் வந்த 'ஸ்பிரிட்' என்ற கேலிச்சித்திரப் படத்தில் குதிரையின் நண்பன் லகோட்டா என்ற பூர்வீகக் குடியைச் சேர்ந்த இளைஞன். அவனுக்குக் குரல் கொடுத்தவரும் பூர்வீகக் குடி நடிகரே. 2021இல் வந்த 'ஸ்பிரிட் அன்ரேம்ட்' படத்தின் நாயகி, மெக்சிக்க வம்சாவளியைச் சேர்ந்த குதிரைச் சாகசக்காரியின் மகள்.

ஒன்றை மறக்கலாகாது. கடிவாளம் பிடிப்பது இழிவான வேலையல்ல. எம்மில் எத்தனை தகப்பன்மார் இங்கு உணவகங்களில் கோப்பை கழுவுகிறார்கள், எத்தனை தாய்மார் கட்டடங்கள் கூட்டுகிறார்கள்! எடி ஸ்வெற் இல்லாமல் அந்தக் குதிரை இல்லை. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வேலையில் குறையில்லை. எம்மைப் போன்றவர்களுக்கு அது ஒன்றுதான் இடம் என்று பிள்ளை நம்பிவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஆகவே படத்தைப் போட்டுவிட்டு நாம் சமையலறைக்குப் போய்விடக்கூடாது. பக்கத்தில் இருந்து பார்ப்போம். மொழி முழுதாக விளங்காவிட்டாலும் பரவாயில்லை. முடிந்ததும் மூன்று கேள்வி கேட்போம். குதிரையில் ஓடியவர் யார்? அதற்குத் தீனி வைத்தவர் யார்? கடைசியில் யாருடைய பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள்? பதில்களிலிருந்து பேச்சு தானாக வளரும்.

அந்தத் தாய் நெடுந்தீவைச் சேர்ந்தவர். அன்றிரவு மகளைப் பக்கத்தில் இருத்தி, தமது ஊரின் வெளிகளில் கட்டுக்காவலின்றித் திரியும் குதிரைகளைப் பற்றிச் சொன்னாராம். "அம்மா, நீங்கள் அதில ஓடினனீங்களோ?" என்று மகள் கேட்டாளாம்.

"இல்லைப் பிள்ளை, பயத்தில எட்ட நிண்டு பார்த்தது மட்டும்தான்" என்றாராம் தாய்.

"நான் பயப்பட மாட்டன்" என்றாளாம் மகள்.