எண்ணிக்கை ஆரூடம்

பெரும் டென்னிஸ் போட்டியொன்று நெருங்கும்போதெல்லாம் விளையாட்டுப் பக்கங்களில் ஒரு சிறு கட்டம் தவறாது இடம்பெறுகிறது. இரு வீரர்களின் படங்கள். அவற்றினிடையே இரண்டு எண்கள். இவர் அவரை இத்தனை முறை வென்றிருக்கிறார், அவர் இவரை இத்தனை முறை வென்றிருக்கிறார் என்பதற்கு மேல் அக்கட்டத்தில் ஒன்றுமில்லை. ஆயினும் அதன் கீழே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது: இன்னார் வெல்வார்! ஆட்டம் தொடங்குமுன்பே ஆட்டத்தை முடித்துவிடும் இந்த ஆரூடத்திற்குப் புள்ளிவிவரம் என்ற பெருமைக்குரிய பெயரும் சூட்டப்பட்டிருக்கிறது. கிளி எடுத்துத் தரும் சீட்டை நம்பாதவர்கள்கூட இந்தச் சீட்டை நம்புகின்றார்கள். எண்களால் எழுதப்பட்டிருக்கிறதல்லவா?

எண்கள் பொய் சொல்வதில்லை என்பது உண்மையே. ஆனால், கேட்ட கேள்விக்குத்தான் அவை விடை கூறும். ‘இதுவரை என்ன நடந்தது?’ என்ற கேள்விக்குரிய விடையை, ‘நாளை என்ன நடக்கும்?’ என்ற கேள்விக்கு விடையாக நீட்டுவது எண்ணின் குற்றமன்று, நீட்டுகின்றவரின் குற்றம். அக்குற்றம் வெறுங் கவனக்குறைவும் அன்று. தோற்றவன் தோற்றபடியே இருப்பான், அவனுக்குக் கற்கும் ஆற்றல் இல்லை என்ற இழிந்த எண்ணம் அதனுள்ளே ஒளிந்திருக்கிறது.

1975ஆம் ஆண்டு விம்பிள்டன் இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்வோர் இதனைத் தெளிவாகக் காணலாம். ஒரு பக்கம் ஜிம்மி கானர்ஸ், வயது 22. முந்திய ஆண்டில் ஆஸ்திரேலியா, விம்பிள்டன், அமெரிக்கா ஆகிய மூன்று பெரும் பட்டங்களையும் வென்றவர். அந்த 1974ஆம் ஆண்டு விம்பிள்டன் இறுதியில் கென் ரோஸ்வாலை 6-1, 6-1, 6-4 என்று துவைத்தெடுத்தவர். 1975இல் ஒரு செட்டைக்கூட இழக்காமல் இறுதிக்கு வந்திருந்தார். மறு பக்கம் ஆர்தர் ஆஷ். 32 வயது நிறைய ஐந்தே நாள்கள் எஞ்சியிருந்தன. கானர்ஸை அதற்கு முன் சந்தித்த மூன்று முறையும் தோல்வி. பத்திரிகைகளும் பந்தயக் கடைகளும் ஒரே குரலில் கானர்ஸின் பெயரைக் கூவின. ஆஷ் எத்தனை கேம்கள் எடுப்பார் என்பதே ஐயத்துக்குரியதாகப் பேசப்பட்டது.

முடிவு என்ன? 6-1, 6-1, 5-7, 6-4. வென்றவர் ஆஷ். விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதற் கறுப்பினத்தவர் என்ற வரலாறும் அன்று எழுதப்பட்டது.

இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. ஆஷ் இயல்பில் பந்தை ஓங்கி அடிப்பவர். வேகமே அவருடைய படைக்கலம். ஆனால் கானர்ஸோ எதிரியின் வேகத்தையே உணவாகக் கொண்டு வளர்பவர். அரையிறுதியில் ராஸ்கோ டானர் இடிபோல் அடித்த சர்வீஸ்களை அதைவிட விரைவாகத் திருப்பியனுப்பி அவரை மூன்றே செட்டுகளில் முடித்திருந்தார். அதனைக் கண்ட ஆஷ், தம் நண்பர்களுடன் அமர்ந்து ஆராய்ந்து, தம் வாழ்நாள் முழுதும் ஆடிவந்த ஆட்டத்தையே அன்றொரு நாள் கைவிட்டார். வேகமற்ற பந்துகளைக் கானர்ஸின் முன்கைப் பக்கம் தாழ்வாக அனுப்பினார். சர்வீஸை வெட்டி வளைத்து, இரு கைகளாலும் மட்டையைப் பற்றி அடிக்கும் கானர்ஸின் கை எட்டாத ஓரத்திற்கு விரட்டினார். வலையருகே அவர் ஓடிவந்தபோது தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டார். வேகம் கிடைக்காத கானர்ஸ், பசித்தவன் வெறுங்கலத்தைத் துழாவுவதுபோல் துழாவினார். நான்காம் செட்டில் 3-0 என்று முன்னேறியும் அவரால் நிலைக்க இயலவில்லை.

மூன்று தோல்விகளை ஆரூடக்காரர்கள் எண்ணினார்கள். ஆஷ் அவற்றைப் படித்தார். எண்ணுவதற்கும் படிப்பதற்கும் உள்ள வேற்றுமையை மொழியாசிரியர்களுக்கு விளக்கவும் வேண்டுமா? ஏட்டிலுள்ள எழுத்துகள் எத்தனை என்று கூறுகின்றவன் ஏட்டைக் கற்றவனாகிவிட மாட்டான். இரு வீரர்களுக்கிடையே உள்ள பழைய பதிவு இருவருக்கும் பொதுவானதொரு பாடநூல். அதனை வென்றவன் மகிழ்ச்சியோடு மூடி வைக்கிறான்; தோற்றவனோ உறக்கமின்றிப் புரட்டுகிறான். எண்ணிக்கை பெருகப் பெருக, தோற்றவனிடம் குறிப்புகளும் பெருகுகின்றன என்பதை அந்தச் சிறு கட்டம் எப்படிக் காட்டும்?

திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தோடு நின்றுவிடவில்லை. அதனை அடுத்துக் காலமறிதலையும் அதனையும் அடுத்து இடனறிதலையும் வைத்தார். வகுப்பில் இவ்வரிசையை ஆண்டுதோறும் கற்பிப்பவர்களும் மாலையில் நாளிதழைப் பிரித்தவுடன் வலியை மட்டும் எண்ணி மயங்குவது விந்தையே! டென்னிஸ் ஆட்டத்தில் இடம் என்பது உவமையன்று. பந்து விழும் தரையே அது. ரோஜர் ஃபெடரரும் ரஃபேல் நடாலும் மொத்தம் 40 முறை மோதினர். நடால் 24, ஃபெடரர் 16. இதைக் காட்டி நடாலே மேலானவர் என்று வாதிட்டவர்கள் எண்ணிறந்தோர். ஆனால் அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால், செம்மண் தரையில் நடால் 14, ஃபெடரர் 2. புல்தரையில் ஃபெடரர் 3, நடால் 1. கடினத் தரையில் ஃபெடரர் 11, நடால் 9. செம்மண் பந்தின் வேகத்தைத் தணித்து உயர எழச் செய்கிறது. நடால் சுழற்றி அடிக்கும் பந்து அங்கே ஃபெடரரின் தோளுயரத்திற்கு ஏறும். புல்லில் அப்பந்து தாழ்ந்து வழுக்கும். மூன்று வேறு நிலங்களில் நடந்த மூன்று வேறு போர்களை ஒரே கூட்டலில் அடைத்துவிட்டு அதனைப் புள்ளிவிவரம் என்பது, குறிஞ்சியையும் நெய்தலையும் கூட்டிச் சராசரித் திணையொன்றைக் கண்டுபிடிப்பதற்கு ஒப்பாகும்.

இனிக் காலம். அதே இருவரும் விம்பிள்டன் இறுதியில் 2006இல் மோதினர். ஃபெடரர் நான்கு செட்டுகளில் வென்றார். 2007இல் மீண்டும் மோதினர். ஃபெடரர் வெல்வதற்கு ஐந்து செட்டுகள் தேவைப்பட்டன. எண்ணுபவனுக்கு இது இரண்டுக்குச் சுழி. படிப்பவனுக்கோ இது மலையேறி வருகின்ற ஒருவனின் காலடிச் சுவடு. 2008இல் நடால் 6-4, 6-4, 6-7, 6-7, 9-7 என்று 4 மணி 48 நிமிடப் போரில் வென்றார். புல்தரையில் 65 ஆட்டங்களாகத் தோல்வியறியாதிருந்த ஃபெடரரின் வரிசை அன்று அறுந்தது. ஜான் மெக்கென்ரோவின் கதையும் இத்தகையதே. 1980 விம்பிள்டன் இறுதியின் நான்காம் செட்டில், ஒரு புள்ளி எடுத்தால் பியோன் போர்க்குக்குப் பட்டம் என்ற நிலை ஏழு முறை வந்தது. ஏழு முறையும் மெக்கென்ரோ தப்பினார். அச்செட்டின் டை-பிரேக்கரை 18-16 என்று கைப்பற்றினார். ஐந்தாம் செட்டை 8-6 என்று போர்க் வென்று ஐந்தாவது முறையாகத் தொடர்ந்து பட்டம் சூடினார். கட்டத்தில் அது போர்க்கின் வெற்றியாகவே பதிவாயிற்று. அதே ஆண்டு அமெரிக்க இறுதியிலும் மறு ஆண்டு விம்பிள்டன் இறுதியிலும் மெக்கென்ரோவே வென்றார்.

“எனினும் வல்லவர்தாமே பெரும்பாலும் வெல்கின்றார்?” என்று ஆரூடக்காரர் தரப்பில் வினவலாம். வினா நேர்மையானது; மறுப்பதற்கில்லை. பாரிஸின் செம்மண்ணில் நடால் 112 ஆட்டங்களை வென்று நான்கில் மட்டுமே தோற்றார். 14 பட்டங்கள் பெற்றார். அங்கே அவர் வெல்வார் என்றவர் பெரும்பாலும் சரியாகவே சொன்னார். டென்னிஸின் கணக்கு முறையே வல்லவர்க்குத் துணைநிற்பது. நூறு புள்ளிகளில் 55ஐ எடுக்கும் வலிமையுடைய ஒருவர், நூறு கேம்களில் ஏறத்தாழ 62ஐ எடுப்பார். செட்டிலும் ஆட்டத்திலும் அவ்விடைவெளி இன்னும் விரியும். சிறு மேன்மையைப் பெருக்கிக் காட்டும் பெருக்காடி அது. ஆனால் சமவலிமையுடைய எதிரிகள் மோதும்போது அப்பெருக்காடிக்குப் பெருக்குவதற்கு ஒன்றுமில்லை. 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் 218 புள்ளிகள் எடுத்தார். நோவாக் ஜோகோவிச் எடுத்தவை 204. ஐந்தாம் செட்டில் 8-7 என்ற நிலையில் தம் சர்வீஸில் பட்டத்திற்கான இரு புள்ளிகள் ஃபெடரரின் கையில் இருந்தன. மூன்று டை-பிரேக்கர்களையும் வென்ற ஜோகோவிச்சே கோப்பையை ஏந்தினார். நடந்து முடிந்த ஆட்டத்தின் புள்ளிகளை எண்ணியும் வென்றவர் யாரென்று கூற முடியாத ஆட்டத்தில், நடவாத ஆட்டத்தை எண்ணிச் சொல்வதாகப் பெருமை பேசுவது எத்துணைத் துணிவு!

ஆரூடம் பொய்த்தபின் இவர்கள் கையாளும் சொல் ஒன்று உண்டு. அது ‘அதிர்ச்சித் தோல்வி’ என்பது. அதிர்ந்தது யார்? பந்து அதிரவில்லை, வலை அதிரவில்லை, வென்றவரும் அதிரவில்லை. கணித்தவருடைய கணக்கு அதிர்ந்தது. தம் பிழையைத் தோற்றவரின் வீழ்ச்சியாகவும் வென்றவரின் நல்லூழாகவும் திரித்தெழுதிவிட்டு, அடுத்த வாரமே புதிய கட்டத்தோடு வந்துவிடுகின்றனர். பிழைக்கு விலை கொடுப்பவர் எவருமில்லை. விலை கொடுப்பவர் உண்டென்றால், அவர் அக்கட்டத்தை நம்பிப் பந்தயக் கடைக்குச் சென்றவரே. ஆசிரியர் அறைகளிலும், பழைய மதிப்பெண் ஏட்டைப் பார்த்தே ‘இவன் தேறமாட்டான்’ என்று கூறிவிட்டு, அவன் தேறியதும் ‘வியப்பாயிருக்கிறதே’ என்பவர்கள் உண்டு. அந்த வியப்பும் இந்த அதிர்ச்சியும் உடன்பிறந்தவை.

மகளிர் ஆட்டத்தில் இதனினும் கூரிய சான்று உண்டு. 1982ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1984 முடிய மார்ட்டினா நவரத்திலோவா, கிறிஸ் எவர்ட்டைத் தொடர்ந்து 13 முறை வென்றார். 1984 பாரிஸ் இறுதியில் 6-3, 6-1. இப்போட்டியே முடிந்துபோன கதை என்று எழுதாதவர் குறைவு. 30 வயதில் எவர்ட் 1985 பாரிஸ் இறுதிக்கு வந்து, 6-3, 6-7, 7-5 என்று வென்றார். 1986இலும் அதே இடத்தில் அதே எதிரியை வென்றார். அவ்விருவரும் மொத்தம் 80 முறை மோதினர். 43-37 என்பதே கடைசிக் கணக்கு. பதின்மூன்று தோல்விகளைச் சுமந்தபடி பதினான்காம் முறை வலையின் எதிர்ப்புறம் சென்று நிற்பதற்கு வேண்டிய உரம் எந்தக் கட்டத்திலும் அச்சாகவில்லை.

கணிக்கவே கூடாது என்பதன்று வாதம். கணிப்பதில் இன்பம் உண்டு. ஆட்டத்தை நேசிப்பவர் எவரும் அதனை விடமாட்டார். ஆனால், எத்தனை முறை என்று கேட்பவர், எந்தத் தரையில், எந்த வயதில், எத்தகைய அடியால் என்றும் கேட்கட்டும். சென்ற முறை தோற்றவர் எதனை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்று கேட்கட்டும். 2017 ஆஸ்திரேலிய இறுதிக்கு முன்பு நடால் 23-11 என்று முன்னிலையில் இருந்தார். 2007க்குப்பின் பெரும் பட்டப் போட்டிகளில் ஃபெடரர் அவரை ஒருமுறையும் வென்றதில்லை. ஃபெடரருக்கு அப்போது 35 வயது. ஆறு மாத ஓய்வுக்குப்பின் வந்திருந்தார். அகலமான மட்டையைக் கையில் எடுத்து, தாம் ஆண்டாண்டு காலமாக வெட்டித் தாழ்த்தி அனுப்பிவந்த புறங்கைப் பந்தை முன்னேறி நின்று ஓங்கி அடித்தார். ஐந்தாம் செட்டில் 1-3 என்று பின்தங்கியபின் ஐந்து கேம்களைத் தொடர்ந்து எடுத்து 6-3 என முடித்தார். அவ்வாண்டில் அவர்கள் மேலும் மூன்று முறை சந்தித்தனர். மூன்றிலும் ஃபெடரரே வென்றார்.